லோர்னா போட்ட சாட்சிக் கையெழுத்து

லோர்னா டீக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. சரி, திட்டியே எழுதிவிடலாம் என்று பார்த்தால் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. நான் சமையல்காரி. பெயர் வெர்லீன். டல் ஸ்பிரிங்ஸ் மேல்நிலைப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாகப் பொங்கிப் போடுகிறவள். எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் லோர்னாவைப் பற்றி எழுத வேறு யாரும் வரமாட்டார்கள்.

பள்ளிக்குள் நுழைந்ததும் ஒரு நீள மேசை இருக்கும். அதற்குப் பின்னால் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள். எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு, எவன் வீட்டில் அப்பன் ஓடிப்போய்விட்டான், யார் சாப்பிடாமல் வருகிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். குளிர் காலத்தில் கோட்டு இல்லாமல் வருகிற பிள்ளைகளுக்காகத் தன் நாற்காலிக்கு அடியில் ஒரு பெட்டி நிறையப் பழைய ஸ்வெட்டர்கள் வைத்திருந்தாள். 'மிஸ் லோர்னா, மிஸ் லோர்னா' என்று அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் கொடிக்கு உறுதிமொழி சொல்கிற குரலும் அவளுடையதுதான். "எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும்" என்று முடித்த கையோடு, மூச்சு விடாமல், "இன்றைய மதிய உணவு, கோழித் துண்டு வறுவல், பச்சை பீன்ஸ்" என்பாள். "நீதிக்கும் பீன்ஸுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் விடுடி, செரிக்கமாட்டேங்குது" என்று நான் கேலி செய்வேன்.

இனி அந்த ரோஸ் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் ஒரு பிள்ளையைப் பத்து நாளைக்கு மேல் பள்ளியை விட்டு நிறுத்துவதென்றால் சும்மா நிறுத்திவிட முடியாது. என்ன குற்றம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளி வாரியத்துக்கு முன்னால் விசாரணை வைக்க வேண்டும். பிள்ளை தன் பக்கத்தைச் சொல்லலாம், சாட்சியைக் கூட்டி வரலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் நிறுத்தினால்கூட, பிள்ளையைக் கூப்பிட்டு 'நீ என்ன சொல்கிறாய்' என்று ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். அரசியல் சட்டம் அப்படி. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குமே தெரியாது, ஏனென்றால் எங்கள் ஊரில் அப்படி ஒரு விசாரணை நடந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த ரோஸ் காகிதம்.

'விசாரணை வேண்டாம், என் பிள்ளையை மாற்றுப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்' என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே இரண்டு கோடு. மேல் கோடு பெற்றவர்களுக்கு. கீழ்க் கோடு சாட்சிக்கு. சாட்சிக் கோட்டின் மேல், 'உள்ள உரிமைகளை நான் எடுத்துச் சொன்னேன், அவர்கள் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்கள்' என்று பொடி எழுத்தில் இருக்கும். உரிமைகள் என்னென்ன என்பது பின்பக்கத்தில் இன்னும் பொடியாக இருக்கும். லோர்னா பெற்றவர்கள் கோட்டுக்கு நேராக மஞ்சள் நிறத்தில் ஒரு அம்புக்குறிச் சீட்டை ஒட்டி வைத்திருப்பாள். தாய்மார்கள் கோழி இறைச்சி ஆலையிலிருந்து அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, ரப்பர் பூட்சோடும் தலைமுடி வலையோடும் ஓடி வருவார்கள். லோர்னா எழுந்து வந்து தோளைத் தொடுவாள், மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்துவாள், பேனாவை நீட்டுவாள். அம்பு காட்டிய இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். கீழ்க் கோட்டில் இவள் போடுவாள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நானும் போட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால். என் மகன் நோலனுக்கு அப்போது பதினாறு. நடைக்கூடத்தில் அடிதடி, ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம், நோலன் அவன் சட்டையைப் பிடித்தபடி மாட்டிக்கொண்டான் என்றார்கள். நான் கையில் ஒட்டிய மாவோடு சமையலறையிலிருந்து ஓடினேன்.

"வெர்லீன், மொதல்ல உக்காரு" என்றாள் லோர்னா. "விசாரணைன்னா அஞ்சு பேரு வரிசையா உக்காந்து உம் பையன நோண்டி நோண்டிக் கேப்பாங்க. ஊரே பேசும். பேப்பர்ல ஏறிட்டா அழிக்கவும் முடியாது. இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டா இன்னையோட முடிஞ்சிரும். எம் பிள்ளையா இருந்தா நான் இதத்தான் செய்வேன்."

அவள் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னாள். அதனால்தான் நாங்கள் எல்லோரும் அவளை நம்பினோம்.

மாற்றுப் பள்ளி என்பது பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பழைய பட்டறை. பன்னிரண்டு கணினி, செய்தித்தாள் படிக்கிற ஒரு ஆள். நோலன் பதினோரு வாரம் போனான். பிறகு போகவில்லை. இப்போது கோழி ஆலையில் உயிர்க் கோழிகளைக் காலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டுகிற வேலை. இருபத்திரண்டு வயதில் மணிக்கட்டு வீங்கிப்போய், பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறான். எனக்குக் கொடுத்த நகலை நான் பாத்திரத் துணி வைக்கிற இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். எந்தக் கோடு எங்கே, எந்த வரி எங்கே என்று அந்தக் காகிதம் எனக்கு மனப்பாடம்.

அப்படியும் லோர்னாவோடு பேச்சை விடவில்லை. சின்ன ஊர், ஒரே பள்ளி, ஒரே தேவாலயம். யாரை விட்டுவிட்டு யாரோடு பேசுவது? தினமும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். எனக்கு உள்ளே புகைந்துகொண்டுதான் இருந்தது.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் உணவுப் பட்டியலைக் கொடுக்க அவள் மேசைக்குப் போயிருந்தேன். அவள் மகள் டெலனி உள்ளே வந்தாள். பதினேழு வயது, கடைசி வருடம். லோர்னாவுக்கு இருப்பது அந்த ஒரு பெண்தான். வாரத்தில் மூன்று நாள் தொழிற்பள்ளியில் செவிலியர் உதவியாளர் வகுப்பு, சாயங்காலம் மலிவு விலைக் கடையில் அலமாரி அடுக்குகிற வேலை. சுறுசுறுப்பான பெண். ஜாக்கெட் பையிலிருந்து ஒரு கட்டரை எடுத்து மேசையில் வைத்தாள். அட்டைப்பெட்டி கிழிக்கிறது.

"அம்மா, இந்தா. கடை ஜாக்கெட்டயே மாட்டிக்கிட்டு வந்துட்டேன். பையில கெடந்துச்சு. சாயந்தரம் வாங்கிக்கிறேன்" என்றாள். மணி அடித்தது, ஓடிவிட்டாள்.

"கைப்பைல போட்டு மூடுடி" என்றேன் நான்.

"அதெப்படி? வேற யாரு பிள்ளையாவது கொண்டாந்தா நான் மூடுவேனா? எம் பொண்ணுக்கு மட்டும் ஒரு சட்டமா?" என்றாள் லோர்னா. "சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிது. அவளே தானா வந்து குடுத்திருக்கா. புரிஞ்சுக்குவாரு."

அவள் பத்தொன்பது வருடம் நம்பிய இடம் அது. கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, நேராக பிரின்ஸிபல் அறைக்குள் போனாள்.

பிரின்ஸிபல் கார்வர் கெட்ட மனுஷன் இல்லை. அலுத்துப்போன மனுஷன். ஆயுதம் என்றால் ஒரு வருடம் வெளியே, அது மாநிலச் சட்டம், என் கை கட்டியிருக்கிறது என்றாராம். வாரியம் நினைத்தால் குறைக்கலாம், ஆனால் அதற்கு விசாரணை வேண்டும், ஊர் வாயில் விழ வேண்டும். "ஒனக்குத் தெரியாததா லோர்னா? நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்க" என்று சொல்லி, அவள் இழுப்பறையிலிருந்தே ரோஸ் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். லோர்னா தன் மேசையிலேயே, தன் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள். டெலனியை வகுப்பிலிருந்து அழைத்து வந்து பையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கார்வர் எழுதிய அறிக்கையில் 'மாணவியிடம் ஆயுதம் கண்டெடுக்கப்பட்டது' என்று இருந்தது.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அன்றைக்குச் சாயங்காலம் நான் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள் தாங்கவில்லை.

தொழிற்பள்ளியிலிருந்து தகவல் வந்தது. பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளை செவிலியர் வகுப்புக்கு வரக்கூடாது. ஏப்ரலில் மாநிலத் தேர்வு, மே மாதம் பட்டமளிப்பு, அதற்குப் பிறகு முதியோர் இல்லத்தில் வேலை என்று அந்தப் பெண் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். இப்போது பட்டறையில் கணினி முன்னால் உட்கார வேண்டும். அவள் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். "நீதானம்மா கொண்டுபோய்க் குடுத்த" என்று ஒரே ஒரு தடவை சொன்னாளாம். அதோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். லோர்னா சாப்பாட்டைத் தட்டில் வைத்து அறை வாசலில் விட்டுவிட்டுப் போவாள். தட்டு அப்படியே கிடக்கும்.

லோர்னா கார்வரிடம் கெஞ்சினாள். "கையெழுத்து போட்டுட்டியே" என்றார் அவர். மாவட்டக் கண்காணிப்பாளரிடம் போனாள். அவருடைய உதவியாளர் கதவருகிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். தலைநகரில் இலவச வக்கீல்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மதிய இடைவேளைகளில் காரில் உட்கார்ந்து தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாலாவது நாள் ஒரு பெண் எடுத்துப் பேசினாள். பத்து நாளுக்குள் விசாரணை கேட்கலாம், ஆனால் வேண்டாம் என்று பெற்றவர் எழுதிக் கொடுத்துவிட்டால் கஷ்டம் என்றாளாம். லோர்னா காரைவிட்டு இறங்காமல் இருந்தாள். நான்தான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கும், அறுவை சிகிச்சை நடந்த வீட்டுக்கும், தீப்பிடித்த வீட்டுக்கும் மூடிபோட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்ட உணவு போய்ச் சேரும். அந்தக் கேசரோல் இல்லாத துக்கம் எங்கள் ஊரில் கிடையாது. லோர்னா வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கு வராது. எனக்கும் வரவில்லை, ஆகையால் தெரியும்.

இத்தனைக்கும் நடுவே தினமும் எட்டு மணிக்கு அவள் ஒலிபெருக்கியில் உறுதிமொழி சொல்ல வேண்டும். வேலை அது. ஆறாவது நாள் 'எல்லோருக்கும்' என்பதோடு குரல் நின்றுவிட்டது. நாங்கள் சமையலறையில் கரண்டியோடு நின்றோம். வெறும் கரகரப்புச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "இன்றைய மதிய உணவு" என்று தொடங்கினாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

எட்டாவது நாள் மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, சமையலறைக்கு வந்து பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆளே பாதியாக இளைத்திருந்தாள். கையில் அந்தக் காகிதத்தின் நகல்.

"ரெண்டு நாள்தான் இருக்கு வெர்லீன். எங்க போறதுன்னு தெரியல. நேத்து அவ தூங்கும்போது மூச்சு விடுறாளான்னு போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"தனக்கு வந்தாத்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்" என்றேன்.

"சொல்லு. இன்னும் சொல்லு. ஒனக்கு உரிமை இருக்கு."

"எனக்கு உரிமை இருக்குன்னு ஆறு வருஷத்துக்கு முந்தி சொல்லியிருக்கணும்டி."

காகிதம் அவள் கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போது கண்ணில் பட்டது.

மேல் கோடு காலியாக இருந்தது. லோர்னா டீக் என்று அழகாக, வளைத்து, கீழ்க் கோட்டில் எழுதியிருந்தது. சாட்சிக் கோட்டில்.

பத்தொன்பது வருடப் பழக்கம். அந்தக் காகிதத்தில் அவள் கை போகிற இடம் அது ஒன்றுதான். மேல் கோட்டைக் காட்ட அம்பு ஒட்டுகிறவள் அவள்தான், அன்றைக்கு அவளுக்கு அம்பு ஒட்ட ஆள் இல்லை. கார்வர் என்றைக்குமே காகிதத்தைப் பார்த்ததில்லை, அவருக்குப் பதிலாகப் பார்ப்பதும் லோர்னாதான்.

நான் உடனே சொல்லவில்லை. காகிதத்தை அலமாரி மேல் வைத்துவிட்டு ஒரு பெரிய தட்டத்தைக் கழுவினேன். சொல்லாமல் இருந்தால் என்ன என்று நினைத்தேன். ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் மகன் கோழிக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இவள் மகள் மட்டும் தப்ப வேண்டுமா? தட்டத்தை இரண்டு தடவை கழுவினேன். லோர்னா அழவில்லை, சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் ஒருவேளை சொல்லியிருக்கமாட்டேன்.

"நீ பெத்தவளாக் கையெழுத்தே போடலைடி" என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை விசாரணை கேட்டுக் கடிதம் கொடுத்தாள். மறு வாரம் வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி, பள்ளி நூலகம். வாரியத்தின் ஐந்து பேர், தலைவராகத் தீவனக் கடைக்காரர். கார்வர். பள்ளியின் சார்பில் நகரத்திலிருந்து வந்த வக்கீல். இந்தப் பக்கம் லோர்னா, டெலனி, துணைக்கு நான். உள்ளே போகுமுன் லோர்னாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: "விசாரணை வேண்டாம்னு நெனச்சியான்னு வக்கீல் கேப்பான். 'இல்லை'ன்னு ஒரே வார்த்தை. சொல்லிட்டு உக்காரு."

வக்கீல் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"மிசஸ் டீக், எடம் மாறிப்போச்சு, அவ்வளவுதான். யாருக்கும் வர்ற கைத்தவறு. விசாரணை வேண்டாங்கிறதுதான அன்னைக்கு உங்க எண்ணம்?"

டெலனி பதினாறு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நான் மேசைக்கு அடியில் லோர்னாவின் முழங்காலைக் கிள்ளினேன்.

"ஆமா. அதான் எண்ணம்" என்றாள் லோர்னா.

பாவி, கெடுத்தாயே என்று இன்னொரு கிள்ளு கிள்ளினேன். வக்கீல் கோப்பை மூடப்போனார்.

"அப்ப நான் தாயாத்தான் போட்டேன்னு வச்சுக்கங்க" என்றாள் லோர்னா. குரல் ஒலிபெருக்கியில் வருகிற மாதிரி நிதானமாக இருந்தது. "சாட்சி யாரு? எனக்கு உரிமைய எடுத்துச் சொன்னது யாரு?"

"உங்களுக்கு வேற சொல்லணுமா? பத்தொம்பது வருஷமா ஊருக்கே நீங்கதான எடுத்துச் சொல்றீங்க."

"சொன்னதில்ல."

"என்ன?"

"ஒருத்தருக்கும் சொன்னதில்ல. பின்பக்கத்த நானே படிச்சதில்ல. போன வாரந்தான் படிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டு, மூணு தடவ."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்க அம்மா. எடுத்துச் சொன்னேன்னு நூத்து நாப்பது காகிதத்துல உங்க கையெழுத்து இருக்கு. அதெல்லாம் பொய்யா?"

லோர்னா என் பக்கம் திரும்பினாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "பொய்தான். நூத்து நாப்பதும்."

கார்வர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் தலைவரின் காதில் வெகு நேரம் குசுகுசுத்தார். நூற்று நாற்பது வீட்டுக் கதவு திறந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு, அது எனக்கே புரிந்தது. இந்தப் பெண் விஷயத்தைச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுவது நல்லது என்று பட்டிருக்க வேண்டும். தீவனக் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, பாப்பா, நீ சொல்லு" என்றார்.

டெலனி எழுந்து நின்றாள். "இதுவரைக்கும் யாரும் என்கிட்டக் கேக்கல சார்" என்று தொடங்கி, கடை ஜாக்கெட், பை, கட்டர், அம்மாவிடம் கொடுத்தது என்று சொன்னாள். மொத்தமே நாலு நிமிடம்.

"நீயாவா குடுத்த? இங்க கண்டெடுக்கப்பட்டதுன்னுல்ல போட்டிருக்கு?" என்றார் தலைவர்.

"நான் பாத்தேன். அவளாத்தான் குடுத்தா" என்றேன் நான். அதற்குத்தான் போயிருந்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வரலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் செவிலியர் வகுப்பில் தவறிய மணி நேரங்களை ஈடுகட்ட முடியாதாம், ஏப்ரல் தேர்வு போனது போனதுதான். நாலு நிமிடம் கேட்பதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் ஒரு பெண்ணின் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை லோர்னாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பொய்ச் சான்று அளித்ததாகக் காரணம் எழுதியிருந்தது. ரோஸ் காகிதத்தை அச்சடித்தது யார், அதை நீட்டச் சொன்னது யார் என்று எதுவும் எழுதவில்லை. கார்வர் இன்றும் அதே அறையில்தான் இருக்கிறார். லோர்னா ஸ்வெட்டர் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். விசாரணை கேட்கிறாயா என்று நான் கேட்டேன். "எதுக்கு? நான் செஞ்சதுதான" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு நோட்டு. நூற்று நாற்பது பேரையும் ஞாபகத்திலிருந்து எழுத முயன்றிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேர்தான் வந்தார்களாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றாள். முதல் பெயர் எங்களுடையது. நோலன் வேலை முடிந்து வந்து சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் உட்காரவில்லை.

"நோலன், அன்னைக்கு விசாரணை கேக்க ஒனக்கு உரிமை இருந்துச்சு. ஒம் பக்கத்தச் சொல்ல உரிமை இருந்துச்சு. நான் ஒங்கம்மாகிட்டச் சொல்லல."

"பரவால்ல மிஸ் லோர்னா" என்றான் அவன், தலை நிமிராமல்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவன் கரண்டி நின்றது. அந்தக் கேள்வியை கார்வர் அவனிடம் கேட்டதில்லை. லோர்னா கேட்டதில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் சோறு போட்ட நான் கேட்டதில்லை.

"நான் யாரையும் அடிக்கல" என்றான். "ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டாங்க. கீழ கெடந்தவனை நான் சட்டையப் புடிச்சுத் தூக்கி விட்டேன். சார் வந்தப்ப அடிச்சவன் ஓடிட்டான். நான் சட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அங்க காமிரா இருந்துச்சு மிஸ் லோர்னா. எல்லாம் அதுல இருந்திருக்கும்."

லோர்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும் கண்ணு" என்றாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா" என்றேன் நான்.

நோலன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சொல்லத்தாம்மா ஆபீஸ் வாசல்ல நின்னேன். நீ கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்த."

லோர்னா அழுதாள். எனக்கு அழ வரவில்லை. அம்பு ஒட்டியது அவள்தான், ஆனால் பேனாவைப் பிடித்தது என் கை.